எட்டுக்கு ஒன்பது

கொளஞ்சிநாதனுக்குக் கோபமே வராது என்று விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு பேச்சு உண்டு. கோபம் மட்டுமா வராது? சந்தோஷமும் வராது, அழுகையும் வராது. பசிகூட மணி பார்த்துத்தான் வரும். பெண்டாட்டி பானுமதி பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கிளம்பிய அன்று, வேனில் மூட்டை முடிச்செல்லாம் ஏற்றிக் கொடுத்துவிட்டு, “கதவப் பாத்து சாத்துங்க, வெரலு மாட்டிக்கும்” என்று சொன்ன மனுஷன் அவன். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வேனை பத்து நிமிஷம் நிறுத்தி வைத்திருந்தாள். டிரைவர்தான் பொறுக்காமல் ஹாரன் அடித்தான்.

கொளஞ்சிநாதன் பெண்டாட்டியை அடித்தானா, குடித்தானா என்று கேட்டால் இரண்டும் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு இரண்டாவதாக ஓர் ஆண்குழந்தை பிறந்து பதினோராம் நாள் போய்விட்டது. பானுமதி ஒரு வருஷம் அழுதாள். இவன் அழவில்லை. மறுநாளே வேலைக்குப் போனான். அன்றைக்கு உள்ளே மரத்துப்போனதுதான், அப்புறம் திரும்பவே இல்லை. கேட்டதற்கு ‘ம்’ என்பான், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. “சுவத்துக்கிட்ட பேசுனாலாவது எதிரொலி கேக்கும்” என்று சொல்லிவிட்டுத்தான் அவள் பிறந்த ஊரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலை தேடிக்கொண்டு போனாள். எட்டு மாதம் ஆயிற்று.

இந்த எட்டு மாதத்தில் ‘வா’ என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் சும்மா இருக்கமாட்டாமல், “ஒன் பேருக்காரரு கோயிலுதானே, கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது எழுதிக் கட்டிட்டு வாயேன்” என்று விரட்டிவிட்டாள். போனான். குறையை எழுதிச் சாமி முன்னால் கட்டக் கோயிலில் பேப்பரும் வாங்கினான். யார்மேல் பிராது, என்ன பிராது என்று ஒரு வரிகூட எழுத வரவில்லை. பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

பெண் சண்முகப்ரியா, ஒன்பதாம் வகுப்பு, போகும்போது தன் கியர் சைக்கிளை இங்கேயே விட்டுப் போனாள். அழுத்தினால் செயின் பல்லில் பிடிக்காமல் சடக் சடக்கென்று வழுக்கியது. “ரெடி பண்ணி வைங்கப்பா, வந்து எடுத்துக்கறேன்” என்றாள். அவன் ரெடி பண்ணவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைப்பீர்கள். அது இல்லை. சைக்கிள் கெட்டுக் கிடக்கிறவரை அதை எடுக்க அவள் ஒருநாள் வந்தாக வேண்டும். சரியாகிவிட்டால் வர என்ன காரணம் இருக்கிறது? அவன் கணக்கு அவ்வளவுதான். வாய் சொல்லாததை ஒரு கெட்டுப்போன சைக்கிள் சொல்லிக்கொண்டு நின்றது, தோட்டத்துப் பக்கத்துச் சுவரில் சாய்ந்தபடி.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை அவளே போன் பண்ணினாள்.

“அப்பா, காலைல ஸ்பெஷல் கிளாஸு வெச்சிருக்காங்க. பஸ்ஸு ஒத்து வரல. சைக்கிள இங்க கொண்டாந்து குடுத்துடறீங்களா?”

“ம்.”

“அந்த வழுக்கறத மாத்திட்டுத்தான்.”

“ம்.”

“ஞாயித்துக்கெழம வந்துடுவீங்கல்ல?”

“ம்.”

மூன்று ‘ம்’மில் முடிந்தது பேச்சு. போனை வைத்துவிட்டு அவன் சோறு வடித்தான். கை சுட்டுக்கொண்டது. சுட்டது தெரிந்தது, வலித்ததா என்றுதான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜங்ஷன் ரோட்டில் ராஜமாணிக்கத்தின் சைக்கிள் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். ராஜமாணிக்கத்துக்குப் பேச்சுதான் மூலதனம், பஞ்சர் ஒட்டுவதெல்லாம் பக்கத் தொழில். பின்சக்கரத்தைக் கழற்றி, அதில் அடுக்காக இருந்த ஏழு பல்சக்கரங்களையும் ஒரு கொத்தாக உருவி எடுத்து, துணியால் துடைத்துத் தடவிப் பார்த்தார்.

“இந்தக் கேசட்டு தேஞ்சிபோச்சு அண்ணே. பாருங்க, பல்லெல்லாம் சுறா மீனு பல்லாட்டம் சாஞ்சிகிட்டு நிக்குது. செயின் எங்க புடிக்கும்? புதுசுதான் போடணும்.”

“எவ்ளோ ஆவும்?”

“அதுல மூணு விதம் இருக்குது” என்று செல்போனைத் தேய்த்துப் படம் காட்டினார். ஒன்று ரொம்ப மலிவு, ஆனால் ஒரு மழைக்காலத்தில் துருவேறி, கியர் மாற்றும்போதெல்லாம் கடமுடாவென்று சண்டை போடும். ஒன்று வெளிநாட்டுச் சரக்கு, பளபளவென்று இருக்கும், அந்த விலைக்கு ஒரு பழைய சைக்கிளே வாங்கிவிடலாம். நடுவில் ஒன்று, கறுப்புப் பூச்சு, பார்க்க ஒன்றும் விசேஷமில்லை, மாடாக உழைக்கும். “நம்ம மாதிரி ஆளுக்கு நடுவுல இருக்கறதுதான் சரி. எத்தன வருஷம் வரணும்?”

“ஸ்கூலு முடிக்கிற வரைக்கும்.”

“அப்ப இதேதான். இன்னொண்ணு சொல்லுங்க, வண்டி எங்க ஓடப்போவுது?”

கொளஞ்சிநாதன் அவர் முகத்தைப் பார்த்தான்.

“இல்லண்ணே, கேக்கறதுக்கு காரணம் இருக்குது. இந்தப் பெரிய தட்டு இருக்கு பாருங்க, கடைசித் தட்டு, இது எவ்ளோ பெருசோ ஏத்தம் அவ்ளோ சுலுவு. நம்ம மேம்பாலம் ஏறணும்னா முப்பத்தி ரெண்டு பல்லு போடலாம், பொண்ணு எறங்காம ஏறிடும். சமவெளியில ஓடற வண்டின்னா பழைய அளவே போதும், வெலையும் கொறையுது. பொண்ணு இங்க ஓட்டப்போவுதா, ஸ்ரீமுஷ்ணத்துலயா?”

பானுமதியும் பெண்ணும் அங்கே இருப்பது ராஜமாணிக்கத்துக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஆனால் இத்தனை நாளில் யாரும் இப்படி நேருக்கு நேராக, இங்கா அங்கா என்று கேட்டதில்லை. பானுமதி கேட்கவில்லை, பெண் கேட்கவில்லை, அவனும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு சைக்கிள் கடைக்காரர், கையில் கிரீஸோடு, பல் எண்ணிக்கைக்காகக் கேட்கிறார்.

டீ வந்தது. குடித்தான். கிளாஸைக் கீழே வைத்தான்.

“ஸ்ரீமுஷ்ணந்தான்” என்றான்.

சொன்னபிறகு நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று ஒரு கணம் காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. லாரி ஒன்று போயிற்று, டீக்கடையில் பாட்டுப் போட்டார்கள், அவ்வளவுதான்.

“அப்ப பழைய அளவே சொல்லிடறேன். பாண்டிச்சேரியில நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு, பஸ்ஸுல போட்டு அனுப்புவாரு. பல்ல எண்ண எனக்குக் கண்ணாடி இல்ல, ஒடஞ்சிபோச்சு. பெரிய தட்டோட அளவ மட்டும் எடுத்து எழுதிக் குடுத்துடுங்க, அவரு பாத்துக்குவாரு.”

அளவெடுக்கச் சொன்னால் கொளஞ்சிநாதனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பேட்டையில் அச்சு செய்கிறவன். கப்பு, சாசர், ஃப்யூஸ் கட்டை, பொம்மை எதுவானாலும் அவன் செய்கிற அச்சில்தான் களிமண் உருவமாகும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெர்னியர் அளவுகோல் இருக்கும். அதை எடுத்து, தட்டைக் கவ்விப் பார்த்து, பையில் நாலாக மடித்திருந்த கோயில் காகிதத்தில் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தான். ராஜமாணிக்கம் கையை நீட்டித் தூரத்தில் வைத்து அதைப் படித்து, போனில் பாண்டிச்சேரிக்குச் சொன்னார். காரியம் முடிந்தது.

சனிக்கிழமை சரக்கு வந்தது. ராஜமாணிக்கம் புதுக் கண்ணாடியும் போட்டிருந்தார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“ஏண்ணே, இது பெருசால்ல இருக்குது? பல்லு எண்ணிட்டேன். முப்பத்தி ரெண்டு. ஏத்தத்துக்குப் போடறது. நீங்க ஸ்ரீமுஷ்ணம்னுதானே சொன்னீங்க?”

“பழைய அளவுதான் எழுதுனேன்.”

“நீங்க எழுதுனது இதோ.” காகிதத்தை எடுத்துப் போட்டார். நூற்று முப்பத்து மூன்று மில்லிமீட்டர்.

கொளஞ்சிநாதன் வெர்னியரை எடுத்துப் பழைய தட்டை மறுபடி அளந்தான். நூற்றுப் பதினெட்டு. காகிதத்தைப் பார்த்தான். அவன் கையெழுத்துதான். அப்போதுதான் புரிந்தது.

பேட்டைக்காரர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். எட்டு அங்குலத் தட்டு வேண்டுமானால் அச்சை ஒன்பது அங்குலத்துக்குச் செய்ய வேண்டும். எட்டுக்கு ஒன்பது. அவன் கண் எட்டைப் பார்க்கும், கை ஒன்பதை எழுதும். நடுவில் மனசுக்கு வேலையே இல்லை. கல்யாணமான புதிதில் பானுமதியின் ரவிக்கைக்குத் தையல்காரரிடம் அப்படித்தான் அளவு கொடுத்தான். தைத்து வந்ததில் இரண்டு பேர் நுழையலாம். “நான் என்னா சூளையில வேவறவளா, சுருங்கிப் போறதுக்கு?” என்று அவள் அந்த வருஷம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்போதெல்லாம் அவனும் சிரிப்பான். அதற்கப்புறம் களிமண் தவிர வேறெதற்கும் அவன் கை அப்படித் தவறியதில்லை. இப்போது இந்த இரும்பில் போய்த் தவறியிருக்கிறது.

“திருப்பி அனுப்பிடட்டுமா? மாத்தி வர புதன்கெழம ஆயிடும்.”

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. வருகிறேன் என்று ‘ம்’ கொட்டியிருக்கிறான்.

“இதையே மாட்டுங்க” என்றான்.

“அங்க இதுக்கு வேலையே இல்லண்ணே. தண்டம்.”

“மாட்டுங்க.”

ராஜமாணிக்கம் பெரிய தட்டுக்குப் பழைய செயின் நீளம் போதாது என்று புதுச் செயினில் இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு மாட்டினார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவன் அந்தச் சைக்கிளிலேயே கிளம்பினான். ஸ்ரீமுஷ்ணத்துக்கு இருபது கிலோமீட்டருக்கு மேலே. பேட்டையிலிருந்து ஊருக்குள் போக மேம்பாலம் ஏற வேண்டும். ப்ரியா பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போன பாலம். பாதி ஏற்றத்தில், மூன்றாவது விளக்குக் கம்பத்தருகே, தவறாமல் இறங்கிவிடுவாள். பையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவாள். பின்னாலேயே மொபெட்டில் போகிற இவன் வேகத்தைக் குறைத்து, அவள் உச்சிக்குப் போய் ஏறி உட்காருகிறவரை காத்திருந்து, அப்புறம் தாண்டிப் போவான். ஒருநாள்கூட நிறுத்தி ‘நான் தள்றேன்’ என்று சொன்னதில்லை. சொல்லத் தோன்றும். தோன்றுவதற்கும் வாய்க்கும் நடுவில் பாதை தூர்ந்து கிடந்தது.

கியரைப் பெரிய தட்டுக்கு மாற்றினான். நாற்பத்து நாலு வயதுக்காரனின் காலுக்கு அது வெண்ணெயாக இருந்தது. மூன்றாவது கம்பம் வந்தது, போயிற்று. இறங்காமலே உச்சிக்கு வந்து நின்றான். கீழே தண்டவாளங்கள் பிரிந்து பிரிந்து போய்க்கொண்டிருந்தன. இந்தத் தட்டை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே போட்டிருந்தால் பிள்ளை இறங்கியிருக்கவே மாட்டாள் என்று நினைத்தான். நினைப்பு வந்தது, துக்கம் வரவில்லை. துக்கம் வராததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஸ்ரீமுஷ்ணத்தில் பானுமதி தன் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தாள். போய்ச் சேரும்போது ஒன்பதைத் தாண்டிவிட்டது. ப்ரியா மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். எட்டு மாதத்தில் இரண்டு அங்குலமாவது வளர்ந்திருப்பாள். அளக்காமலே அவனுக்குத் தெரிந்தது.

“நீங்களே ஓட்டிக்கிட்டா வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, வண்டியை வாங்கித் தெருக்கோடி வரை போய்த் திரும்பினாள். “வழுக்கவே இல்லப்பா. ஆனா இந்தக் கடைசி கியரு ரொம்ப லேசா இருக்குது. சும்மா காத்துல சுத்தறாப்பல.”

பானுமதி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுச் சைக்கிளின் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். பதினாறு வருஷம் அச்சுக்காரனோடு குடும்பம் நடத்தியவள், அவளுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை.

“என்னாங்க இது, இவ்ளோ பெருசு?”

“கை தவறிடுச்சு.”

“எட்டுக்கு ஒம்போதா?”

“ம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தச் சிரிப்பு தானாகவே நின்றது.

“இது இரும்புங்க. சுருங்காது.”

“தெரியும்.”

“இந்த ஊருல ஏத்தமே கெடையாது.”

“தெரியும்.”

“எல்லாம் தெரியும். தெரிஞ்சிகிட்டே மேம்பாலம் ஏர்ற தட்ட மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்க.” அவள் பெண்ணைப் பார்த்துத் திரும்பினாள். “பாத்துக்கடி ஒங்க அப்பாவ. வாயத் தொறந்து கேக்க முடியாதத இரும்புல கேக்கறாரு.”

கொளஞ்சிநாதன் தண்ணீரைக் குடித்து முடித்துச் செம்பைக் கொடுத்தான். இட்லி வைத்தாள், சாப்பிட்டான். வேலையெல்லாம் எப்படி என்று கேட்டாள், இருக்குது என்றான். ஒரு மணி நேரத்தில் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போய், போயிட்டு வரேன் என்று எழுந்துகொண்டான். பானுமதி படிவரை வந்தாள். அங்கேயே நின்றுகொண்டாள்.

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் வரேன்” என்று ப்ரியா சைக்கிளில் ஏறினாள்.

அவன் நடந்தான். அவள் பக்கத்திலேயே ஓட்டினாள். மனுஷன் நடக்கிற வேகத்துக்குச் சைக்கிள் ஓட்டுவது லேசில்லை, தள்ளாடிக் கீழே விழுந்துவிடும். ஆனால் அந்தப் பெரிய தட்டில் போட்டால் விழாது. கால் இரண்டும் விசிறியாகச் சுற்றும், வண்டி அங்குலம் அங்குலமாக நகரும். ஏற்றமே இல்லாத அந்த ஊரில் ராஜமாணிக்கம் தண்டம் என்று சொன்ன தட்டுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. கோயில் தெருவைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, இரண்டு பேரும் அப்படியே போனார்கள்.

விருத்தாசலம் பஸ் கிளம்புவதற்குத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. அவன் பின்படிக்கட்டில் கால் வைத்தான்.

“அப்பா.”

திரும்பினான்.

“அம்மா சொன்னாங்களே. நெஜமா?”

அவன் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டிய சொல் ‘வா’ என்கிற ஒரே எழுத்து.

“வாயால கேளுங்கப்பா” என்றாள் அவள். கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. கணக்கு சொல்லித்தரச் சொல்கிற மாதிரிதான் கேட்டாள்.

“புது செயினு,” என்றான் கொளஞ்சிநாதன். “வாரம் ஒரு வாட்டி எண்ண போடு.”

“சரிப்பா” என்றாள்.

விசில் அடித்தார்கள். பஸ் நகர்ந்தது. கடைசி சீட்டில் உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாகப் பார்த்தான். ப்ரியா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். கியரை மாற்ற மறந்திருந்தாள். அதே பெரிய தட்டு. அவள் கால் எவ்வளவு வேகமாகச் சுற்ற முடியுமோ அவ்வளவு வேகமாகச் சுற்றியது. எழுந்து நின்று சுற்றினாள். சைக்கிள் நடை வேகத்தில்தான் வந்தது. அவ்வளவு பாடு பட்டும், ஒரு மாட்டுவண்டி அவளைத் தாண்டிப் போயிற்று. பிள்ளை முகம் சின்னதாகிக்கொண்டே போனது.

கொளஞ்சிநாதனுக்கு வலித்தது. நாலு வருஷமாக எங்கேயோ போயிருந்த வலி அத்தனையும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்குள் திரும்பி வந்தது. பதினோரு நாள் பிள்ளை, வேனில் காத்திருந்த பானுமதி, மூன்றாவது கம்பத்தில் இறங்கித் தள்ளிய ப்ரியா எல்லாமே அப்போதுதான் நடப்பதுபோல வலித்தது.

“நிறுத்துங்க” என்றான்.

கண்டக்டருக்குக் கேட்கவில்லை. கொளஞ்சிநாதன் எழுந்து நின்று கத்தினான். அவன் குரல் அவ்வளவு பெரிது என்று அவனுக்கே அன்றுவரை தெரியாது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இறங்கும்போது கண்டக்டர் ஏதோ திட்டினார், அதுவும் காதில் விழவில்லை.

ரோட்டோரத்தில் நின்றான். அவள் வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. வந்து, ஒரு காலை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவன் கன்னமெல்லாம் ஈரமாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனாள். அப்பா அழுது அவள் பார்த்ததில்லை.

“வந்துடு பாப்பா” என்றான். “வந்துடுங்க ரெண்டு பேரும். என்னால முடியல.”

ப்ரியா சைக்கிளை வந்த வழிக்குத் திருப்பினாள்.

“இத அம்மாகிட்ட வந்து சொல்லுங்க” என்றாள்.

அவன் நடக்க ஆரம்பித்தான். அவள் கியரை மாற்றாமல் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள்.